பிணம் விழுந்தால்தான் எங்கள் எண் நினைவுக்கு வருமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு ஒரு பத்திரிகையிலிருந்து அழைத்தார்கள். முந்தைய இரவு தென் மாவட்டம் ஒன்றில் ஒரு பையனை வெட்டிக் கொன்றிருந்தார்கள். செத்தவனின் சாதியைச் சொன்னார்கள், வெட்டியவர்களின் சாதியைச் சொன்னார்கள். "சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஒரு 700 வார்த்தை கிடைக்குமா தோழர்?" என்று கேட்டார்கள். "உங்க சொந்த அனுபவமும் கொஞ்சம் கலந்து வந்தா நல்லா இருக்கும்" என்று போனை வைக்கும் முன் சேர்த்துக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்தோம். கொடுக்காமல் இருக்க முடியாது. நாங்கள் எழுதாவிட்டால் "காதல் விவகாரத்தில் மோதல்" என்று நாலு வரியில் முடித்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

அதே பத்திரிகைக்கு அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்களில் ஒருவர் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு, காலனிப் பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் வியாழனின் நான்கு நிலாக்களைக் காட்டியவர். 1610 ஜனவரியில் கலிலியோ எப்படித் தினமும் அந்தப் புள்ளிகள் இடம் மாறுவதைக் குறித்து வைத்தாரோ, அதேபோல் பிள்ளைகளையும் நோட்டில் குறிக்கச் சொல்லியிருந்தார். இரண்டு வாரத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண், இதில் ஒன்று மற்றதைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று தானே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறாள். கட்டுரை அதைப் பற்றியது. நன்றாகவே எழுதியிருந்தார். பதில் வந்தது: "நல்லா இருக்கு சார். ஆனா இதுல உங்க ஆங்கிள் என்ன?"

அவர் அப்பாவி. தொலைநோக்கியை வைத்த கோணத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, கிழக்கே ஏறத்தாழ நாற்பது டிகிரி என்று பதில் அனுப்பினார். பிறகுதான் புரிந்தது, அவர்கள் கேட்டது தலித் கோணம். பிள்ளைகளைத் தொலைநோக்கியைத் தொடவிடாமல் யாராவது தடுத்தார்களா, மொட்டைமாடியில் ஏறக்கூடாது என்று யாராவது சொன்னார்களா, அப்படி ஏதாவது இருந்தால் சேர்த்து அனுப்பலாமாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. கட்டுரையும் வரவில்லை.

இது ஒரு பத்திரிகையின் குணம் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டோம். தமிழில் பொதுவெளி என்று சொல்லப்படுகிற இடம் முழுவதும் எங்களுக்கு ஒரு தலைப்புதான் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கொலை, தீவைப்பு, தேர் ஊர்வலத் தகராறு, இரட்டைக் குவளை, மலக்குழி மரணம். இவற்றில் ஒன்று நடந்தால் நாங்கள் "ஆய்வாளர்", "செயற்பாட்டாளர்", "எழுத்தாளர்" என்ற அடைமொழியோடு அழைக்கப்படுவோம். நடக்காத நாட்களில் பொருளாதாரத்தைப் பற்றிப் பொருளாதார அறிஞர் பேசுவார், சினிமாவைப் பற்றி விமர்சகர் பேசுவார், மழையைப் பற்றி வானிலை ஆர்வலர் பேசுவார். அவர்களில் யாரையும் "உங்க சாதிக் கோணம் என்ன?" என்று ஒருவரும் கேட்பதில்லை. அவர்களுக்குக் கோணமே கிடையாது போலிருக்கிறது. அவர்கள் பார்ப்பதுதான் உலகம், நாங்கள் பார்ப்பது மட்டும் கோணம்.

ஆனால் எங்கள் பிள்ளைகள் என்னதான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். யாருடைய ஆசிரியர் குழுவின் அனுமதியும் தேவைப்படாமல் இணையத்தில் சொந்தமாக எழுதுகிறவர்களைச் சொல்கிறோம். வியாசர்பாடிக் கால்பந்தைப் பற்றி ஆட்டத்துக்கு ஆட்டம் எழுதுகிற பையன் இருக்கிறான். சாவு வீட்டுக் கானாவில் தாளம் எந்த இடத்தில் மாறுகிறது என்று விளக்குகிறவர் இருக்கிறார். வயல் வரப்பில் கிடைக்கிற கீரைகளை ஊர்ப் பெயரோடும் தாவரவியல் பெயரோடும் பட்டியல் போடுகிற அக்கா இருக்கிறார். தனியார் நிதி நிறுவனக் குழுக் கடனில் வட்டியை எப்படி மறைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்று எழுதுகிறவர், பழைய ஆங்கிலத் திகில் படங்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறவர், சிலந்திகளைப் படம் எடுத்துப் போடுகிறவர், பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வைப் பற்றித் தன் அனுபவத்திலிருந்து எழுதுகிற செவிலியர். இவர்களில் பாதிப் பேர் தங்கள் சாதியை எங்கும் சொல்வதில்லை. மீதிப் பாதி, சொல்லிவிட்டு அடுத்த வரியில் சிலந்திக்குப் போய்விடுகிறார்கள்.

இதைப் பார்த்து "தலித்துகள் இப்போதுதான் பல துறைகளில் எழுத வந்திருக்கிறார்கள்" என்று சிலர் பரிவோடு பாராட்டுகிறார்கள். அந்தப் பரிவு வேண்டாம். இது புதிதே இல்லை.

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழை அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கினார். நாலு பக்கம். பெயரில் இருப்பதுதான் விலையும். ஒரு வருடம் கழித்துப் பெயர் 'தமிழன்' என்று ஆனது. 1914-ல் அவர் இறக்கும் வரை நடத்தினார். அந்த இதழின் அறிமுகத்தில் யார் சேர்ந்து இதை நடத்துகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தத்துவவாதிகள், இயற்கை விஞ்ஞானிகள், கணிதவியலாளர்கள், இலக்கியவாதிகள் எல்லோரும் ஒன்றுகூடி நடத்துகிறார்களாம். எதற்காக? மேல், நடு, கடை என்ற நிலைகளைப் பிரித்தறிய முடியாமல் இருக்கிற மக்களுக்கு நீதியையும் சரியான பாதையையும் நேர்மையையும் கற்பிக்க. 1907-ல், பறையர் என்று ஊர் ஒதுக்கிவைத்த ஒருவர் நடத்துகிற நாலு பக்கத் தாளில் கணிதவியலாளருக்கும் இயற்கை விஞ்ஞானிக்கும் இடம் இருக்கிறது. நூறு வருடம் தாண்டி, வண்ணத்தில் நூறு பக்கம் அச்சடிக்கிற பத்திரிகையில் இயற்பியல் ஆசிரியருக்கு இடம் இல்லை.

'தமிழன்' பக்கங்களில் என்னதான் இருந்தது? பௌத்த வரலாறு இருந்தது. 'இந்திரர் தேச சரித்திரம்' தொடராக வந்தது. திருக்குறளுக்கு உரை, ஆத்திசூடிக்கு உரை. சுதேசி இயக்கத்தின் மேல் கடுமையான விமர்சனம். கல்வி, கைத்தொழில், விவசாயம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எப்படிப் பதிய வேண்டும் என்ற வழிகாட்டல். பண்டிதர் சித்த வைத்தியர், இலக்கணம் படித்தவர், சுவடி வாசிக்கத் தெரிந்தவர். ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறையின் ஆளாகவே எழுதினார். கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த உழைப்பாளிகள் அதை வாங்கிப் படித்தார்கள். சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் இலக்கண விவாதம் படித்திருக்கிறார்கள். "நம்ம மக்களுக்கு இதெல்லாம் புரியாது, எளிமையா எழுதுங்க" என்று இப்போது எங்களுக்கு வகுப்பெடுக்கிறவர்கள் அந்த வாசகர்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

அவருக்கும் முன்னால், 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயர் வைத்தே இதழ் தொடங்கினார். வசவுச் சொல்லைத் தலைப்பாக வைத்துக்கொண்டு, ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தலாமா கூடாதா என்று பேரரசின் நிர்வாகக் கொள்கையை விவாதித்தவர் அவர். 'தமிழ் மாது' என்று பெண்களுக்காக இதழ் நடத்திய சொப்பனேஸ்வரி அம்மாள் இருந்தார். சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் என்ற பெயருக்காகப் போராடிய எம்.சி. ராஜா, ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து மழலைப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தவர். அவரை நாங்களே பூனா ஒப்பந்தச் சண்டையை வைத்து மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் குழந்தைப் பாட்டுப் புத்தகம் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவை எல்லாம் எங்கே போயின? அயோத்திதாசர் எழுத்துகள் தொகுப்பாக வர 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையம் வெளியிட்டது. 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' 2017-ல் வந்தது. நடுவில் தமிழ் இதழியல் வரலாறு என்று எத்தனையோ பேர் எழுதிப் பட்டம் வாங்கினார்கள். பாரதியின் 'இந்தியா' சிவப்புத் தாளில் வந்தது வரைக்கும் தெரிந்தவர்களுக்கு, அதே காலத்தில் அதே சென்னையில் வாரம் தவறாமல் வந்த 'தமிழன்' தெரியவில்லை.

அடுத்தது அம்பேத்கர். ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 6-க்கும் மாலை போடுகிற கட்சிகள் எல்லாம் அவரை எங்கள் தலைவர் என்றுதான் சொல்லும். எங்களுக்கு மட்டுமான தலைவர். அவர் எழுதிய பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1918-ல் இரண்டு கட்டுரைகள். ஒன்று, இந்தியாவில் நிலங்கள் துண்டு துண்டாக இருப்பதைப் பற்றி. சிறு நிலங்களைச் சேர்த்துவிட்டால் விவசாயம் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, பிரச்சினை நிலத்தின் அளவில் இல்லை, நிலத்தை மட்டுமே நம்பி மிதமிஞ்சிய கூட்டம் இருப்பதில், உழவுக்கு மூலதனம் இல்லாததில் இருக்கிறது, தொழில்மயமாவதுதான் வழி என்று வாதாடிய கட்டுரை. இன்னொன்று, பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் புத்தகத்துக்கு எழுதிய மதிப்புரை. ரஸ்ஸலுக்கு! 1923-ல் ரூபாயின் சிக்கல் பற்றிய புத்தகம். 1925-ல் மாகாண நிதி பற்றி. பிறகு பாகிஸ்தான் பற்றி, மொழிவாரி மாநிலங்கள் பற்றி, புத்தர் பற்றி. பாலி மொழிக்கு அகராதிப் பணிகூடச் செய்திருக்கிறார். சாதியைப் பற்றி அவர் எழுதியது இந்த எல்லாவற்றின் நடுவே, இந்த எல்லாவற்றின் பலத்தோடும் வந்தது.

எந்தத் தலைப்பில் பேசலாம் என்று அவருக்கும் எல்லை போட்டார்கள். எதிரிகள் போட்டிருந்தால் பரவாயில்லை. சாதியை ஒழிக்கிறோம் என்று சங்கம் வைத்த லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் போட்டது. 1936 மாநாட்டுக்குத் தலைமை தாங்க வரச் சொன்னார்கள். உரையை முன்கூட்டியே அனுப்பினார். சாதி பற்றிப் பேசலாம், ஆனால் வேதம், சாஸ்திரம், இந்து மதத்தை விட்டு வெளியேறுவது, இதெல்லாம் தேவையில்லையே என்றார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் எழுதினார். மாநாடே நடக்கவில்லை. பேச விடாத அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் 1500 பிரதி அச்சடித்தார். இரண்டே மாதத்தில் தீர்ந்துபோனது. இன்று உலகம் முழுவதும் படிக்கப்படுகிற 'சாதி ஒழிப்பு' அப்படித்தான் வந்தது. அதற்கும் முன், 1920-ல் 'மூக்நாயக்' தொடங்கியபோது திலகரின் 'கேசரி' அதற்குக் காசு கொடுத்தும் விளம்பரம் போட மறுத்தது.

உன் காயத்தைக் காட்டு, கண்ணீர் விடுகிறோம். காயம் ஏன் வந்தது என்று எங்கள் புத்தகத்தைப் புரட்டாதே. லாகூரில் சொன்னது இதுதான். எண்பது தொண்ணூறு வருடம் கழித்து முற்போக்கு மேடைகளில் எங்களுக்குச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் இதுதான்.

இதற்குக் கணக்கு வேண்டுமென்றால் கணக்கும் இருக்கிறது. 1996-ல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர், ஒரு வெளிநாட்டுச் செய்தியாளர் கேட்டார் என்பதற்காக டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடியும் ஒருவரும் கிடைக்கவில்லை என்று எழுதினார். 2019-ல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆய்வு செய்தன. பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை. அதே ஆய்வில் இன்னொரு தகவல் இருக்கிறது, அதைத்தான் நாங்கள் மறக்காமல் இருக்கிறோம். நாளிதழ்களில் சாதியைப் பற்றி எழுதுகிறவர்களிலும் பாதிக்கு மேல் உயர்சாதியினர்தான். ஆக, எங்களுக்கு என்று ஒதுக்கிய ஒரே அறையிலும் வேறு ஆள் குடியிருக்கிறார்.

படிப்பிலும் இதே கதைதான். நாங்கள் சமூகவியல் முதுகலை படித்தபோது பாடத்திட்டத்தில் சாதிக்கு ஒரு பகுதி இருந்தது. அதில் எம்.என். சீனிவாஸ் இருந்தார், வெளிநாட்டு மானிடவியலாளர்கள் இருந்தார்கள். 1916-ல் கொலம்பியாவில், 25 வயதில் அம்பேத்கர் வாசித்த சாதி பற்றிய கட்டுரை இல்லை. நூலகத்தில் நாங்களே தேடி எடுத்துப் படித்தோம். 2002-ல் கோபால் குரு ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு வகுப்பது ஒரு கூட்டத்தின் வேலையாகவும், தரவு சேகரிப்பது இன்னொரு கூட்டத்தின் வேலையாகவும் பிரிந்திருக்கிறது என்றார். வேலைக்குப் போனதும் அது கண்ணால் பார்க்கக் கிடைத்தது. நாங்கள் வேலை பார்த்த ஒரு தொண்டு நிறுவனத்தில் கேஸ் ஸ்டடி என்று ஒன்று எழுதி அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும், எங்கள் கருத்தைச் சேர்க்கக் கூடாது. கருத்தை "பகுப்பாய்வு" என்ற தலைப்பில் தலைமை அலுவலகத்தில் எழுதுவார்கள். அந்த ஊருக்கு ஒருமுறை வந்து, இளநீர் குடித்துவிட்டுப் போனவர்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எங்கள் பெயர் களப்பணியாளர்கள் பட்டியலில் பொடி எழுத்தில் இருக்கும், ஓட்டுநரின் பெயருக்கு மேலே.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் தோழர்கள் பலர் தலையாட்டுவார்கள். இனி எழுதப் போவதற்குத் தலையாட்ட மாட்டார்கள் என்று நினைக்கிறோம்.

இந்த எல்லையை வெளியில் இருப்பவர்கள் மட்டும் காவல் காக்கவில்லை. நாமும் காக்கிறோம். வேங்கைவயல் நடந்த அந்தக் குளிர்காலத்தில், சிலந்திப் படம் போட்ட பெண்ணை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எப்படியெல்லாம் பேசினோம்? "சொந்த சனம் பீ கலந்த தண்ணி குடிச்சிருக்கு, உனக்குப் பூச்சியா?" என்று ஒருவர் கேட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அந்தப் பெண் குழுவை விட்டுப் போனார். ஒரு வருடம் எதுவும் எழுதவில்லை. அந்த மௌனத்துக்கு எந்தப் பத்திரிகை ஆசிரியரும் காரணம் இல்லை, நாம்தான் காரணம்.

வேங்கைவயலையே எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் முத்துக்காடு ஊராட்சியில், தலித் குடியிருப்பின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. நாங்கள் எழுதினோம், எல்லோரும் எழுதினோம். எத்தனை கட்டுரைகள்! எல்லாவற்றிலும் ஒரே கோபம், ஒரே சொற்கள். தமிழ்நாடு தலைகுனிய வேண்டும் என்று நூறு பேர் எழுதினோம். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ. பரிசோதனை என்றார்கள், குரல் மாதிரி என்றார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்கள்தான் குற்றவாளிகள் என்றது. கட்சிகளும் இயக்கங்களும் ஏற்க முடியாது, சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்றன. நாங்களும் சொன்னோம்.

ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. தண்ணீரில் கரைந்த மலத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்தால் எதை நிரூபிக்க முடியும், எதை முடியாது என்று தமிழில் எழுதக்கூடிய ஒருவர் வேண்டியிருந்தார். அலைபேசிப் பதிவுகள் நீதிமன்றத்தில் சான்றாக எப்படி ஏற்கப்படும் என்று விளக்குகிற ஒருவர். ஊராட்சியில் தொட்டியை எங்கே கட்டுவது என்று யார் முடிவு செய்கிறார்கள், டேங்க் ஆபரேட்டரை யார் நியமிக்கிறார்கள், தண்ணீர்ப் பரிசோதனைப் பதிவேடு எங்கே இருக்கும் என்று தெரிந்த ஒருவர். தேடினோம். தெரிந்தவர்கள் எங்கள் மக்களிடையே இல்லாமல் இல்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், குடிநீர் வடிகால் வாரியத்தில் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதிப் பழகியதில்லை. பூச்சியைப் பற்றி எழுதினால் கேலி செய்கிற கூட்டத்தில், நுண்ணுயிரியல் படித்தவர் எதற்காக எழுதிப் பழகப் போகிறார்?

துணைத் திட்ட நிதியைப் பேசும்போதும் இதே இடத்தில்தான் முட்டுகிறோம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 2011 கணக்குப்படி 20.01 சதவீதம். அந்த விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்ற கொள்கை 1979 முதல் இருக்கிறது. 2024-ல் சட்டமும் வந்துவிட்டது. நிதியை வேறு வேலைக்குத் திருப்புகிறார்கள் என்று ஒவ்வொரு வருடமும் முழக்கம் போடுகிறோம். எல்லோருக்குமான ஒரு திட்டத்தின் செலவில் ஒரு பங்கை எடுத்து, இது பட்டியல் சாதியினருக்குச் செலவானது என்று காகிதத்தில் சேர்த்துக்கொள்ளும் வித்தையை, மானியக் கோரிக்கைப் புத்தகத்தைத் தலைப்புத் தலைப்பாகப் பிரித்துக் காட்டி எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். பஞ்சமி நிலத்துக்கும் அப்படியே. 1892 அரசாணையை மேடையில் எல்லோரும் சொல்வார்கள். 'அ' பதிவேட்டையும் அடங்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் புல எண் எப்போது யார் பெயருக்கு மாறியது என்று படிக்கத் தெரிந்தவரை ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கிறது.

இப்படி எழுதிக்கொண்டு வந்தபோது எங்களுக்கே ஒரு சந்தேகம். வாதம் நன்றாகத்தான் போகிறது, ஆனால் இதிலும் ஒரு தப்பு இருக்கிறது. போராட்டத்துக்குப் பயன்படுவதால் அறிவியல் எழுதலாம், பட்ஜெட் எழுதலாம் என்று நாங்களும் அனுமதிச் சீட்டுத்தான் எழுதிக் கொடுக்கிறோம். வியாழனின் நிலா எந்த வழக்குக்கும் பயன்படாது. சிலந்தி எந்தக் குற்றப்பத்திரிகையையும் உடைக்காது. அதனால் என்ன?

ரோகித் வெமுலா கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். 2016 ஜனவரி 17-ல் அவர் விட்டுச் சென்ற கடிதத்தில் அது இருக்கிறது. அவரது படத்தை நாங்கள் எத்தனை பதாகையில் அச்சடித்திருப்போம்! நெற்றிக்கு மேலே நீல நிறம், கீழே முழக்கம். நட்சத்திரங்களைப் பற்றி எழுத விரும்பினார் என்பதையும் முழக்கமாக்கினோம். ஆனால் அவருக்குப் பிறகு நட்சத்திரங்களைப் பற்றி எழுத வந்த எங்கள் பிள்ளைகளில் யாருடைய கட்டுரையையாவது எடுத்து, இதைப் படியுங்கள் என்று நாலு பேருக்கு அனுப்பினோமா? செத்துப்போன ரோகித்தைக் கொண்டாடத் தெரிகிறது. ரோகித் உயிரோடு இருந்து சனிக் கோளைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருந்தால், "தோழர், களம் வேற மாதிரி இருக்கு" என்று சொல்லியிருப்போம்.

கிரிக்கெட்டுக்கு வாருங்கள். பால்வாங்கர் பாலூ. புனேயில் மைதானம் பெருக்குகிறவராகத் தொடங்கி, 1911-ல் இங்கிலாந்து போன அகில இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். கூட ஆடியவர்களுக்கு உள்ளே தேநீர், அவருக்கு வெளியே மண் குவளையில். இந்துக்கள் அணிக்கு அவரைத் தலைவராக்க மறுத்தார்கள். 1937 தேர்தலில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். இதை எழுதினால் பத்திரிகைகள் போடுவார்கள், மண் குவளை இருக்கிறதல்லவா. எங்களில் ஒருவர் பாலூவின் பந்துவீச்சைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறார். மூடாத ஆடுகளங்களின் காலத்தில், மழை பெய்து காய்ந்த மண்ணில் மெதுவான இடதுகைப் பந்து என்ன செய்யும் என்பதைப் பற்றி. குவளை ஒரே ஒரு வரியில் வரும், அல்லது வராது. பாலூ மைதானத்தில் செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதி பந்து போடுவதில்தானே போயிருக்கும்?

சாப்பாடும் அப்படித்தான். மராத்வாடா தலித் சமையலைப் பற்றி ஷாஹு பாட்டோளே மராத்தியில் எழுதிய புத்தகம் 2024-ல் ஆங்கிலத்தில் வந்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். தமிழில் மாட்டுக்கறி பற்றி எழுதினால் அது உடனே அரசியல் கட்டுரை ஆகிவிடுகிறது. நாங்கள் ஆக்குவதில்லை, அவர்கள் ஆக்குகிறார்கள். 2022-ல் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது. எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தது. ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதைப் பற்றி எழுதினோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் உப்புக்கண்டத்தை எத்தனை நாள் காயவைத்தால் பதம், எந்த வெயிலில் தொங்கவிட வேண்டும், ஈ மொய்க்காமல் இருக்க அம்மாக்கள் என்ன செய்தார்கள், சுட்டுத் தின்பதா வறுப்பதா என்று ஒரு சமையல் குறிப்பு, வெறும் சமையல் குறிப்பு, தமிழில் எந்த ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வந்திருக்கிறது? வற்றல் குழம்புக்கு வருகிறதே, அந்த மாதிரி. அதற்கு யாரும் முன்னுரையாகச் சாதி வரலாறு எழுதுவதில்லையே.

ராஜ் கௌதமன் சங்க இலக்கியத்தில் தொடங்கி வள்ளலார் வரைக்கும் எழுதினார். 2024 நவம்பரில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் பலவும் "தலித் விமர்சகர்" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டன. பாட்டும் தொகையும் தொல்காப்பியமும் எப்படி ஒரு சமூகம் உருவாவதைக் காட்டுகின்றன என்று அவர் எழுதிய தடித்த புத்தகத்தைத் தமிழ்த் துறைகள் எதிர்கொண்டு ஒரு நேரான மறுப்புக்கூட எழுதவில்லை. மறுப்பதற்கு முதலில் சக அறிஞர் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

கொலைகளைப் பற்றி எழுதுவதை நாங்கள் நிறுத்தப் போவதில்லை. நிறுத்துகிற நாள் எங்கள் கையில் இல்லை. அடுத்த முறை காலை ஏழரைக்கு அழைத்தாலும் நாலு மணிக்குள் 700 வார்த்தை வரும். சொந்த அனுபவம் மட்டும் கலந்து வராது. அது எங்களுடையது, எப்போது யாருக்குச் சொல்வது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு வேலை செய்திருக்கிறோம். குழுவை விட்டுப் போன பெண்ணை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். அவர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தில் வலை பின்னியிருந்த ஒன்றைக் காட்டி, இதில் பெண்தான் பெரிசு, ஆண் இத்தனூண்டு, ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் என்றார். தேடிப் பார்த்தோம், தெரியவில்லை. விரலால் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வியாழனின் நிலாக்கள் பற்றிய கட்டுரையும் அடுத்து இங்கே வரும். பிள்ளைகள் வரைந்த நோட்டுப் பக்கங்களோடு, ஒரு சொல் மாற்றாமல். அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. சனியின் வளையத்தைப் பார்க்க இந்தத் தொலைநோக்கி போதுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.